ஆளுக்கொரு மரக்கால்

களத்துமேட்டில் இரண்டு மரக்கால் வைத்திருந்த பண்ணையாரைப் பற்றி எங்கள் ஊர் முதியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். குத்தகை நெல்லை அளந்து வாங்க ஒரு மரக்கால். கூலி நெல்லை அளந்து கொடுக்க மற்றொரு மரக்கால். பெயர் ஒன்றுதான். பார்வைக்கும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்குமாம். அடிப்பலகையின் கனம் மட்டும் வேறு. ஒரே பையில் பெரிதும் சிறிதுமாக எடைக்கற்களை வைத்திருப்பதை இணைச்சட்ட நூல் வன்மையாகத் தடை செய்வதைக் குருமடத்தில் படித்தபோது, அந்தப் பண்ணையாரின் களந்தான் என் நினைவுக்கு வந்தது.

நெல்லை அளப்பதிலேயே இத்துணைக் கண்டிப்பு வேண்டுமெனில், மனிதரை அளப்பதில் எத்துணைக் கண்டிப்பு வேண்டும்? அதிலும், நாளை நம் பிள்ளைகளின் நாடியைப் பிடித்துப் பார்க்கப்போகும் மருத்துவர்களைத் தேர்ந்தெடுப்பதில்?

மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கான நேர்முகத் தேர்வைப் பற்றியே பேச விழைகிறேன். அது முடிந்துபோன கதையாயிற்றே என வாசகர் சிலர் வியக்கலாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சங்கம் தொடுத்த வழக்கில், சிறுபான்மையினர் நடத்தும் கல்லூரிகளுக்கும் நீட் தேர்வு பொருந்தும் என 2020 ஏப்ரல் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலூரிலும், இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 1963இல் பெங்களூரில் நிறுவிய புனித ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியிலும், மருத்துவப் பட்டப் படிப்புக்கு முன்பு நடந்துவந்த நேர்முகத் தேர்வு இன்று இல்லை.

அதைத் தொடர்ந்து நம் வட்டாரங்களில் ஒரு புலம்பல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. குருக்கள் கூடுமிடங்களிலும், பங்குப் பேரவைகளிலும், நம் ஏடுகளிலுங்கூட அது ஒலிக்கிறது. "மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள், மனத்தைப் பார்ப்பாரில்லை. முன்பெல்லாம் பிள்ளையை எதிரே அமர வைத்து நாலு வார்த்தை பேசினாலே, இவன் பட்டிக்காட்டு மருத்துவமனைக்குப் போவானா, பட்டணத்திலே பணம் பண்ணப் போவானா என்று கண்டுகொள்வோம். அந்த உரிமை பறிபோயிற்றே!" இதுவே அப்புலம்பலின் சாரம்.

இப்புலம்பலோடு என்னால் ஒத்துப்போக இயலவில்லை. நீட் தேர்வுக்கு வக்காலத்து வாங்குவது என் நோக்கமன்று. பயிற்சி மையத்திற்குப் பணம் கட்ட முடிந்தவன் வீட்டுப் பிள்ளைக்கும், முடியாதவன் வீட்டுப் பிள்ளைக்கும் அது ஒன்றுபோல அமையவில்லை என்பதை ஊரறியும். அதனாலன்றோ 2020இல் தமிழக அரசு, அரசுப் பள்ளி மாணவருக்கென 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கொண்டுவர நேர்ந்தது! நான் கேட்பது வேறு. நாம் இழந்ததாக வருந்துவது எதை? மனத்தைப் பார்க்கும் வாய்ப்பையா? அல்லது காரணம் சொல்லாமல் ஏற்கவும் தள்ளவும் நமக்கிருந்த சலுகையையா? இவ்விரண்டையும் பிரித்தறியாதவரை நம் புலம்பல் நேர்மையானதன்று.

பிறரைச் சுட்டுமுன் என்னையே சுட்டிக்கொள்கிறேன். நான் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்ட தொடக்க ஆண்டுகளில், கடற்கரைப் பங்கு ஒன்றில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். அவ்வூரிலிருந்து இருவர் ஒரே ஆண்டில் ஒரே மருத்துவக் கல்லூரியின் எழுத்துத் தேர்வில் தேறி, நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்பட்டனர். ஒருவன் பங்குப் பேரவைப் பொறுப்பாளரின் மகன். மற்றவள் வள்ளத்தில் தொழிலுக்குச் செல்லும் ஒருவரின் மகள். இருவரும் என்னிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டு வந்தனர்.

பையனுக்கு இரண்டு பக்கம் எழுதினேன். அவன் வீட்டில் பல ஞாயிறுகளில் மதிய உணவு உண்டவன் நான். அவன் வாசிக்கும் நூல்கள், அவனுடைய இலட்சியங்கள் எல்லாம் எனக்குத் தெரியும். பெண்ணுக்கு ஆறு வரி எழுதினேன். ஒழுக்கமானவர், ஞாயிறு திருப்பலிக்குத் தவறாது வருபவர் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு கடிதங்களிலும் பொய் ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே மரக்காலால் அளக்கப்பட்டவை அல்ல.

பையன் தேர்வானான், பெண் தேறவில்லை. திரும்பி வந்தவள் பங்கு இல்லத்து வாசலில் நின்றுகொண்டு சொன்னாள். அவனிடம் பள்ளியில் நடந்த சேவை முகாமைப் பற்றியும், மருத்துவனாகி என்ன செய்ய விரும்புகிறான் என்பதைப் பற்றியும் கேட்டார்களாம். அவளிடம் அப்பா என்ன வேலை செய்கிறார், வீட்டில் படித்தவர் யார் என்று கேட்டுவிட்டு, ஆங்கிலத்தில் தன்னை அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னார்களாம். "சாமி, ரெண்டு பேருகிட்டயும் ஒரே கேள்வியக் கேட்டு, அதுல நான் தோத்துப் போயிருந்தா மனசு ஆறியிருக்கும். என்கிட்ட அந்தக் கேள்விய யாருமே கேக்கலியே" என்றாள். அழவில்லை. நான்தான் தலைகுனிந்தேன்.

சில மாதங்கள் கழித்து அவளுடைய பாட்டி இறந்தார். அடக்கச் சடங்குக்குச் சென்றபோதுதான் அயல்வீட்டார் சொல்லி அறிந்தேன். பக்கவாதத்தில் படுத்துவிட்ட அப்பாட்டியை, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் புரட்டிப் படுக்க வைத்து, மூன்று ஆண்டுகள் பேணியவள் அந்தப் பெண்ணே. மருத்துவப் பணிக்கு இதைவிடப் பெரிய சான்று எது? அது என் கடிதத்திலும் இல்லை. தேர்வுக் குழுவின் தாளிலும் இல்லை. மனத்தைப் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டவர்கள் நாங்கள் அனைவரும். பார்க்க வேண்டியதை எவரும் பார்க்கவில்லை.

அந்தப் பையன் இன்று நல்ல மருத்துவன். அதை மனமுவந்து சொல்கிறேன். அவன் தகுதியற்றவன் என்பது என் வாதமன்று. அந்தப் பெண் செவிலியாகி, பிறர் படுக்கைகளைப் பேணி வருகிறாள். அளவு தவறியதை அவனுடைய திறமை ஈடு செய்துவிடாது. அவளுடைய பொறுமையும் ஈடு செய்துவிடாது.

இது தனியொருவனின் மனக்குறை என எண்ணிவிட வேண்டாம். 1970-71ஆம் கல்வியாண்டின் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட பெரியகருப்பன் வழக்கு, நேர்முகத் தேர்வின் வரலாற்றில் மறக்கலாகாத ஒன்று. அன்று மொத்தம் 275 மதிப்பெண்ணில் 75 நேர்முகத் தேர்வுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. விளையாட்டு, சமூகப் பணி, உடல் வலிமை, பொது ஆற்றல், நாட்டம் எனத் தலைப்புகள் வகுக்கப்பட்டிருந்தன. ஆனால் தலைப்புவாரியாக மதிப்பெண் இடப்படவில்லை. மொத்தமாக ஒரே எண் இடப்பட்டது. இது சட்டத்திற்கு முரணானது என உச்ச நீதிமன்றம் கண்டித்தது. கல்லூரிகளைத் தனித்தனிப் பிரிவுகளாக்கி, பிரிவுக்கொரு தேர்வுக் குழு அமைத்திருந்ததால், ஒரு பிரிவில் இடம் கிடைக்காதவர் பெற்ற மதிப்பெண்ணைவிடக் குறைவாகப் பெற்றவர் வேறொரு பிரிவில் இடம் பெற்றதையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆளுக்கொரு மரக்கால், களத்துக்கொரு மரக்கால்!

பத்தாண்டுகள் கழித்து ஸ்ரீநகர் வட்டாரப் பொறியியல் கல்லூரியின் சேர்க்கை குறித்த அஜய் ஹாசியா வழக்கு வந்தது. அங்கே எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண், நேர்முகத் தேர்வுக்கு 50. ஒவ்வொருவரிடமும் இரண்டு மூன்று நிமிடமே பேசினார்கள் என்றும், பாடத்தைப் பற்றியன்றிப் பெற்றோரையும் ஊரையும் பற்றியே கேட்டார்கள் என்றும் மனுதாரர்கள் முறையிட்டனர். மூன்றில் ஒரு பங்கை நேர்முகத்திற்கு ஒதுக்கியதைத் தன்னிச்சையானது எனக் கூறிய உச்ச நீதிமன்றம், 15 விழுக்காட்டிற்கு மேல் போகலாகாது என வரம்பு கட்டியது. கேள்வி பதில்களை ஒலிநாடாவில் பதிவு செய்வது விரும்பத்தக்கது என்றும் அறிவுறுத்தியது. நீதிபதிகள் நேர்முகத் தேர்வையே பகைத்தார்களா? இல்லை. அதற்கு ஒரு வரம்பும் ஒரு சாட்சியும் வேண்டுமென்றார்கள்.

ஆயினும், "அனுபவமுள்ளவர் கண் ஏமாறாது" என்பார் உண்டு. அவர்கள் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் நடந்ததைக் கேட்கட்டும். 1979இல் டெக்சஸ் மாநிலச் சட்டமன்றம் அங்குள்ள மருத்துவக் கல்லூரியை மேலும் 50 மாணவரைச் சேர்க்குமாறு பணித்தது. நேர்முகத் தேர்வில் முன்னிடம் பெற்றோர் ஏற்கெனவே சேர்க்கப்பட்டுவிட்டனர். எனவே முதலில் தள்ளப்பட்டவர்களுள்ளிருந்தே 50 பேரை எடுக்க வேண்டியதாயிற்று. இருசாராரையும் ஒப்பிட்ட ஆய்வு 1987இல் வெளிவந்தது. படிப்பிலோ, நோயாளியரிடம் பணிபுரிந்த முறையிலோ, பட்டம் பெற்றபின் முதலாண்டுப் பயிற்சியிலோ இருசாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. தள்ளப்பட்டதற்குப் பெருங்காரணமாயிருந்தது கல்வித் தகுதியன்று; நேர்முகக் குழுவினரின் மதிப்பீடே. அனுபவமிக்க அந்தக் கண்கள் எதைத்தான் கண்டன?

இலண்டனில் நடந்தது இன்னும் வேதனையானது. புனித ஜார்ஜ் மருத்துவமனையின் மருத்துவக் கல்லூரியில், யாரை நேர்முகத்திற்கு அழைப்பது என்பதை முடிவு செய்ய ஒரு கணினி நிரல் எழுதப்பட்டது. மனிதர் முன்பு செய்துவந்த தேர்வுகளையே முன்மாதிரியாகக் கொண்டு அது அமைக்கப்பட்டது; மனிதக் குழுவின் முடிவுகளோடு பெரிதும் ஒத்தும் போயிற்று. பெண் என்றால் அது மதிப்பைக் குறைத்தது. பெயர் ஐரோப்பியப் பெயரல்ல என்றால் இன்னும் குறைத்தது. இன சமத்துவ ஆணையம் 1988இல் இதைக் குற்றமெனக் கண்டறிந்தது. இயந்திரத்திற்குத் தனியாக ஏது காழ்ப்பு? மனிதர் தம் உள்ளத்தில் எழுதி வைத்திருந்ததையே அது தாளில் எழுதிக் காட்டியது. எழுதிக் காட்டியதால்தான் அவர்கள் பிடிபட்டார்கள். எழுதப்படாத நேர்முகக் குழுக்கள் பிடிபடுவதில்லை, வேறுபாடு அவ்வளவே.

எட்வர்ட் தார்ன்டைக் என்ற உளவியலறிஞர், ஒருவரின் ஒரு நற்பண்பைக் கண்டதும் ஏனைய நற்பண்புகளெல்லாம் அவரிடம் இருப்பதாக நாம் கருதிவிடுவதை 1920இல் ஆராய்ந்து, அதற்கு ஒளிவட்டத்தின் பெயரையே இட்டார். நம் ஆலயங்களில் புனிதர் தலையைச் சூழ்ந்து நாம் வரைவதும் அதுதான். தடையின்றி ஆங்கிலம் பேசுபவன், தயங்காமல் கண்ணைப் பார்ப்பவன், நம்மைப்போல் உடுத்துபவன் உள்ளே நுழைந்ததும் அவன் தலையைச் சுற்றி ஒளிவட்டம் வரைந்துவிடுகிறோம். அதன்பின் அவன் தயங்கினால் அடக்கம் என்கிறோம். மீனவன் மகள் தயங்கினால் தெளிவின்மை என்கிறோம்.

இங்கே என் சகோதரக் குருக்கள் சாமுவேலை அழைத்து வருவார்கள் என்பதை அறிவேன். மனிதர் முகத்தைப் பார்க்கிறார்கள், கடவுளோ அகத்தைப் பார்க்கிறார் என்னும் படிப்பினையை முதலாம் சாமுவேல் நூலின் 16ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்துக்காட்டி, நேர்முகத் தேர்வுக்கு அரண் அமைப்பார்கள். அருள்கூர்ந்து அவ்வதிகாரத்தை மீண்டும் வாசியுங்கள். முகத்தைப் பார்த்து ஏமாந்தவர் யார்? இறைவாக்கினராகிய சாமுவேலேதான்! எலியாபின் உயரத்தையும் தோற்றத்தையும் கண்டு, இவனே அவன் எனத் தீர்மானித்துவிட்டார். ஆண்டவரின் குரல் குறுக்கிட்டுத் திருத்தியது. ஆடு மேய்க்கப் போயிருந்த கடைசிப் பிள்ளையோ அந்த நேர்முகத்திற்கு அழைக்கப்படவே இல்லை. அது நேர்முகத் தேர்வுக்கு அரணன்று, எச்சரிக்கை. சாமுவேலைத் திருத்திய குரல் நம் தேர்வுக் குழுக்களின் அறையில் ஒலிக்கும் என நாம் உறுதி கூற முடியுமா? இயலாதெனில், நம்மைத் திருத்துவதற்கு நமக்குள்ளது ஒழுங்குமுறை ஒன்றே. ஒழுங்குமுறையை வெறும் காகிதச் சடங்கு என இகழ்வோர் உண்டு. தானும் தவறக்கூடும் என ஒப்புக்கொள்ளும் தாழ்ச்சியே அது.

அப்படியானால் நேர்முகத் தேர்வே கூடாதா? அப்படிச் சொல்லேன். மதிப்பெண் காட்டாத பண்புகள் மருத்துவருக்கு வேண்டும் என்பதை மறுப்பார் இலர். கனடா நாட்டின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் இதற்கொரு வழி கண்டு, 2004இல் தங்கள் ஆய்வை வெளியிட்டனர். ஒரே குழுவின் முன் ஒரே உரையாடல் என்பதற்குப் பதிலாக, மாணவர் பத்து அளவிலான அறைகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கிறார். ஒவ்வோர் அறையிலும் ஒரு சூழலைக் கொடுத்து, ஏறத்தாழ எட்டு நிமிடம் பேசவைக்கிறார்கள். எல்லாருக்கும் அதே சூழல்கள். ஒவ்வோர் அறையிலும் வேறொரு மதிப்பீட்டாளர். ஒருவரின் விருப்பு வெறுப்பு மற்றவர் மதிப்பீட்டைத் தொடுவதில்லை. பல நாட்டு மருத்துவக் கல்லூரிகள் இம்முறையை ஏற்றுள்ளன. குறையற்ற முறை என்று சொல்லமாட்டேன். மரக்கால் ஒன்றே என்றாவது அங்கே சொல்ல முடியும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். மருத்துவப் பட்டப் படிப்பின் நேர்முகம் போய்விட்டதேயன்றி, அதன் ஆவி போய்விடவில்லை. திருச்சபைகளின் ஆதரவு பெற்ற மாணவர் என்னும் பிரிவு வேலூரில் நெடுங்காலம் இருந்து வந்துள்ளது. படித்து முடித்தபின் நம் மருத்துவமனைகளில் பணிபுரிய வேண்டும் என்பதே அதன் உயர்ந்த நோக்கம். அந்நோக்கத்தை வணங்குகிறேன். ஆனால் அத்தகைய ஆதரவு யாருக்கு என்பதை முடிவு செய்யும் அறை எது? அங்கே கேட்கப்படும் கேள்விகள் யாவை? எங்கெல்லாம் திருச்சபையின் பரிந்துரையால் ஓர் இடம் நிரப்பப்படுகிறதோ, அங்கெல்லாம் ஒரு நேர்முகத் தேர்வு நடக்கத்தான் செய்கிறது. செவிலியர் பயிற்சிக்கும், ஆசிரியர் பணிக்கும், பள்ளிச் சேர்க்கைக்குங்கூட அது நடக்கிறது. அதற்கு வினாத்தாள் இல்லை, விடைத்தாள் இல்லை, மறுகூட்டலும் இல்லை. பல வேளைகளில் அது ஞாயிறு மதிய உணவு மேசையிலேயே முடிந்துவிடுகிறது.

ஆகவே வெளிப்படையாகச் சிலவற்றைக் கோருகிறேன். நம் நிறுவனங்களில் எந்தத் தேர்வாயினும், எல்லாரிடமும் ஒரே கேள்விகள் கேட்கப்பட வேண்டும். எந்த விடைக்கு எவ்வளவு மதிப்பு என்பது முன்னரே எழுதி வைக்கப்பட வேண்டும். குழுவினர் தமக்குள் கலந்து பேசுமுன் தனித்தனியே மதிப்பெண் இட்டுவிட வேண்டும். தந்தையின் தொழிலும் வீட்டின் நிலையும், அவற்றுக்காகவே அமைந்த சலுகைக்கன்றி, கேட்கப்படலாகாது. உறவினரோ நெருங்கியவரோ வரும்போது குழுவினர் எழுந்து வெளியேற வேண்டும். கேட்டதும் சொன்னதும் பதிவு செய்யப்பட வேண்டும். தேறாதவர் கேட்டால், ஏன் என்பதற்கு எழுத்தில் விடை தரப்பட வேண்டும். விடை சொல்ல முடியாத முடிவை எடுக்கும் உரிமை எவருக்கும் இல்லை. ஆயருக்கும் இல்லை, அருள்பணியாளருக்கும் இல்லை.

இத்தனைக்குப் பின்னும் இருவர் சமமாக நின்றால்? சீட்டுக் குலுக்குங்கள் என்பேன். சிரிக்க வேண்டாம். பத்தாம் நூற்றாண்டில் உத்திரமேரூர் மக்கள், தகுதிகள் இன்னின்ன என்பதைக் கல்லில் வெட்டி ஊரறிய வைத்து, தகுதியுற்றோர் பெயரைக் குடத்திலிட்டு, சிறுவனைக் கொண்டு ஓலை எடுக்கச் செய்தார்கள். நெதர்லாந்து நாட்டில் பல பத்தாண்டுகள் மருத்துவப் படிப்பிற்கு மதிப்பெண்ணோடு இணைந்த குலுக்கல் முறை இருந்தது. 2017இல் கைவிட்டபின், 2023 முதல் அதை மீண்டும் அனுமதித்துள்ளார்கள். யூதாசின் இடத்திற்கு மத்தியாவைத் திருத்தூதர்கள் எவ்வாறு தெரிந்தெடுத்தார்கள்? தகுதியுள்ள இருவரை நிறுத்தினார்கள், மன்றாடினார்கள், சீட்டுப் போட்டார்கள். தமக்குத் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள அவர்கள் முனையவில்லை.

பிறர் திருந்தக் காத்திராமல் என்னளவில் ஒன்றைச் செய்துவிட்டேன். இப்பங்கு இல்லத்திலிருந்து இனிப் பரிந்துரைக் கடிதம் புறப்படாது. திருமுழுக்குச் சான்று தருவேன். பங்கைச் சேர்ந்தவர் என்ற சான்று தருவேன். ஒருவர் செய்த பணியைப் பற்றிக் கேட்டால், அந்த வீட்டுக்கும் அயல் வீட்டுக்கும் நேரில் சென்று விசாரித்து, எல்லாருக்கும் அச்சிட்ட ஒரே படிவத்தில், ஒரே அளவான இடத்தில் எழுதித் தருவேன். இதனால் மனத்தாங்கல் கொண்டு என்னிடம் பேசாதவர் இப்போதே இருவர் உண்டு. அவர்கள் வீட்டு மதிய உணவும் நின்றுபோயிற்று.

அந்தப் பெண்ணுக்கு நான் எழுதிய ஆறு வரிகளை இனித் திருத்தி எழுத இயலாது. அடுத்து என் வாசலில் வந்து நிற்கப்போகும் பிள்ளைக்கேனும் அடிப்பலகை கனக்காத மரக்கால் கிடைக்கட்டும்.